சாமி அறைக்காக ஒரு கொம்பி பொய்லர்

லண்டனில் நான் பூட்டிய கொம்பி பொய்லர்களில் பலவற்றுக்குக் காரணம் குளிர் என்று சொல்ல மாட்டேன். காரணம் சாமி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். பயிற்சி வகுப்பில் வீட்டின் அளவு, ரேடியேட்டர்களின் எண்ணிக்கை, குழாயின் விட்டம் என்று கணக்குப் போடப் பழக்கியிருப்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் சரியானவைதான். நம்மவர் வீடுகளில் அந்தக் கணக்குக்கு முன்னால் வேறொரு கணக்கு முடிந்திருக்கும். அதை உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பழைய முறையில் வீட்டுக்குள் மூன்று சாமான்கள் இருக்கும். சமையலறையில் பொய்லர், கூரைக்கடியில் லொஃப்டில் தண்ணீர்த் தொட்டி, மேல்மாடியில் குளியலறைக்குப் பக்கத்து அலுமாரிக்குள் ஒரு செப்புச் சிலிண்டர். பொய்லர் தண்ணீரைச் சுடவைக்கும், சிலிண்டர் அதைச் சேமித்து வைத்திருக்கும். கொம்பி எதையும் சேமிப்பதில்லை. குழாயைத் திறந்ததும் வீதியிலிருந்து வருகிற தண்ணீரை அந்த நேரமே சுடவைத்துத் தரும். தொட்டி வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், அலுமாரி காலியாகிவிடும். பொய்லர் கம்பனிகளின் விளம்பரப் படங்களில் அந்தக் காலி அலுமாரிக்குள் மடித்த துவாய்களை அடுக்கி வைத்திருப்பார்கள். நம்மவர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு அங்கே முருகனைக் காண்பார்கள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. லண்டன் வீடுகளில் கதவு போட்டுச் சாத்தக்கூடிய, யாரும் கால்வைத்து நடக்காத, கூப்பினால் இரண்டு கை மட்டும் கொள்ளக்கூடிய ஓர் இடம் வேறெங்கும் கிடையாது. பொய்லர் பூட்டுகிறவர்களுக்கும் கொம்பி வசதிதான். காலையில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். வாடிக்கையாளர் சந்தோஷம், பூட்டியவர் சந்தோஷம், சாமியும் மறுப்புச் சொல்வதில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் சந்தோஷப்படும்போது கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

பொய்லருக்கு வருவதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் சில காலம் ஒரு பத்திரிகையில் செய்தி எழுதினேன். அங்கே என் எழுத்தைத் திருத்திய ஆசிரியர் தாளை வாங்கிப் படித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இது நீர் கண்டதோ, ஆரும் சொன்னதோ?" சொன்னது என்றால் தாள் திரும்பி வரும். அந்தக் கேள்வியை நான் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், குகன் என்பவரின் வீட்டில், மறுபடி எடுத்துப் பயன்படுத்த வேண்டி வந்தது.

நல்ல குளிர்காலம். குகன் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவர். தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார். "பொய்லர் செத்துப்போச்சு அண்ணை. கொம்பி பூட்ட வேணும். முடிவெல்லாம் எடுத்தாச்சு. நீங்கள் வந்து பூட்டினாச் சரி."

முடிவெடுத்தவர்கள் யார் என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகளில் ஒன்று அது. உள்ளே குகன் ஒரு குளிர்ச்சட்டைக்கு மேல் இன்னொரு குளிர்ச்சட்டை போட்டபடி நின்றார். மூலையில் ஒரு மின்சார ஹீட்டர், நெருங்கி இருப்பவரின் முழங்காலை மட்டும் சூடாக்கிக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் சீனி டின்னில் சாய்த்து ஒரு போன் வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் மூன்று முகங்கள்.

"இது சட்டன் பெரியண்ணை. இது சுவிஸ் அக்கா. இது ஹொலண்ட் மச்சான்," என்று குகன் அறிமுகப்படுத்தினார். நான் மூன்று முகங்களுக்கும் வணக்கம் சொன்னேன். பொய்லர் தொடர்பாக ஒரு வாக்கெடுப்பு ஏற்கெனவே நடந்து, கொம்பி ஏகமனதாக வென்றிருந்தது.

குகனின் மனைவிக்கு அண்ணன் முறையான ஹொலண்ட் மச்சான்தான் முதலில் பேசினார். "இஞ்ச முழு நாடும் கொம்பிதான் அண்ணை. சிலிண்டரைப் பாக்கிறதெண்டால் மியூசியத்துக்குத்தான் போகவேணும்."

"உங்கட வீட்டில எத்தினை பேர்?"

"நானும் மனிசியும்."

சுவிஸ் அக்கா என்பவர் குகனின் மூத்த சகோதரி. அவர் நேர்மையாகப் பேசினார். "எங்களுக்கு உந்தப் பிரச்சினையே இல்லை. பிளட்ஸ் வீடு, அடுக்குமாடி. நிலக்கீழ் அறையில என்னவோ நிக்குது. சுடுதண்ணி வரும், பில் வரும். நாங்கள் ஒண்டும் கேக்கிறேல்லை."

"அப்ப எதை வச்சுக் கொம்பிக்கு வாக்குப் போட்டனீங்கள்?"

"தம்பி விரும்புறார்தானே."

சட்டன் பெரியண்ணை கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து, தன் முகம் திரையில் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். குகனின் தமையன். தெற்கு லண்டனில், சட்டனில் பெரிய வீடு, மூன்று குளியலறை. "நான் மாத்திக் கனநாள். சிலிண்டர் நிண்ட இடத்தில சாமி அறை. கிரனைட் தட்டு. வாற சனமெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போகுது. அதைப் பாத்துத்தான் தம்பியும் துவங்கினவர்."

ஆக விஷயம் விளங்கிவிட்டது. அந்த வீட்டுக்குச் சூடு தேவைப்பட்டது. வாக்கெடுப்பு நடந்தது அலுமாரிக்காக.

"தங்கச்சி என்ன சொல்லுறா?" என்று குகனின் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவ கேட்டுத்தானே சாமி அறை. நான் எனக்கோ கேக்கிறன்?" என்றார் குகன். "படுத்திருக்கிறா. நைட் ஷிப்ட்."

நாங்கள் பேசியதில் எழும்பியிருக்க வேண்டும். குகனின் மனைவி ரஞ்சினி சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு வேலை. கண்ணில் பாதி நித்திரை. வந்தவர் எனக்குத் தேத்தண்ணி தரப்பட்டதா என்று பார்த்துவிட்டு, அடுப்புக்கு மேலேயிருந்த தட்டு அலுமாரியின் கதவைத் திறந்து காட்டினார். மிளகாய்த்தூள் போத்திலுக்கும் டின்மீன் அடுக்குக்கும் நடுவில் பிள்ளையார் இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு சிறிய விளக்கு.

"பாருங்கோ அண்ணை. கீழ மீன் பொரியுது, மேல இவர் இருக்கிறார். இவ்வளவு காலமும் இவரும் பொறுத்துக்கொண்டிருக்கிறார், நானும் பொறுத்துக்கொண்டிருக்கிறன். காலமை வேலையால வந்து ஒரு விளக்கைக் கொளுத்திக் கும்பிட்டாத்தான் எனக்கு நித்திரை வரும். கதவு போட்ட ஒரு இடம் கிடைச்சாப் போதும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

நான்கு வீடுகளில் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டது சிறியது. நியாயமானது. அதைக் கொடுக்க ஒரு கொம்பி போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். முந்தாநாள் இன்னொரு பொய்லர்காரர் வந்து, தண்ணீரின் வேகத்தை அளந்து, "அருமை, கொம்பிக்கெண்டே செய்த வீடு" என்று சொல்லிவிட்டும் போயிருந்தார்.

நானும் அளந்தேன். சமையலறைக் குழாயின் கீழே கோடு போட்ட குவளையைப் பிடித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லார் வீட்டிலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும்.

"பொய்லர் செத்த பிறகு எப்பிடிக் குளிக்கிறியள்?" என்று குகனிடம் கேட்டேன்.

"ஏன், சுடுதண்ணி வருதுதானே."

"எதில இருந்து வருது?"

குகன் போனைப் பார்த்தார். மூன்று நாடுகளும் அவரையே திருப்பிப் பார்த்தன.

"மேல சிவப்பு லைட் எரியிற சுவிட்ச் ஒண்டு இருக்கு," என்றார் ரஞ்சினி. "அதை நான் போட்டு விடுறனான்."

அது சிலிண்டருக்குள் இருக்கும் மின்சாரச் சூட்டுக் கம்பியின் சுவிட்ச். பொய்லர் கைவிட்டால் தண்ணீரைச் சுடவைப்பதற்கென்றே வைத்தது. கழற்றி எறிவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்ட சிலிண்டர்தான் பொய்லர் செத்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது.

பிறகு தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தேடினேன். அது வீதிப் பக்கத்திலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. இந்த மாதிரிப் பழைய வரிசை வீடுகளில் இதை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் வீதியிலிருந்து ஒரே குழாய். ஒரு வீடு குடிக்கும்போது மற்ற வீடு காத்திருக்க வேண்டும்.

"காலமையில ஆர் ஆர் எப்ப குளிக்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரம்தான். நான் வேலைக்கு. மகள் யூனிவர்சிட்டிக்கு. மகன் பள்ளிக்கூடத்துக்கு."

"தங்கச்சி?"

குகன் யோசித்தார். "அவ வந்த உடனை."

"எத்தினை மணிக்கு வாறவ?"

"அதே நேரம்தான்," என்றார், முதன்முறையாக அதைக் கவனிப்பவர் போல.

நான் குவளையைப் பைக்குள் வைத்துவிட்டு, நாளைக் காலையில் வருகிறேன், அதற்குப் பிறகுதான் முடிவு சொல்வேன் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். "பிறகு சொல்கிறேன்" என்று சொல்வது இந்தத் தொழிலில் உள்ளவற்றில் கடினமான வேலை. கனமான சிலிண்டரை மாடிப்படியால் இறக்குவது அதைவிட எளிது. வீடு குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதை நீங்கள் விற்கிறீர்கள். வேறொருவர் சம்மதம் சொல்லிவிட்டார். மேசையில் மூன்று முகங்கள் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் "ஓம்" என்ற சொல்லுக்கு நாக்கில் எடையே இருக்காது.

"இரண்டு தரம் வரவேணுமோ?" என்றார் குகன். "மற்றவர் ஒருக்காப் பாத்திட்டே சரியெண்டவர். திங்கட்கிழமை பூட்டித் தாறன் எண்டும் சொன்னவர்."

போனுக்குள்ளிருந்து பெரியண்ணையின் குரல் வந்தது. "தம்பி, அவருக்குக் கொம்பி பூட்டத் தெரியுமோ எண்டு முதல்ல கேள்."

"பூட்டத் தெரியும்," என்றேன். "மற்றவை பூட்டினதைக் கழட்டவும் தெரியும். அதாலதான் நாளைக்கு வாறன்."

மறுநாள் காலை போனபோது வீடு வேறொரு வீடாக இருந்தது. மேலே இரண்டு குளியலறையிலும் ஷவர் ஓடியது. மகன் பல் துலக்கியபடி படியில் நின்று முறைக்காகக் காத்திருந்தான். பக்கத்து வீட்டிலும் ஆட்கள் எழும்பிவிட்டார்கள். சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

நான் சமையலறைக் குழாயின் கீழே வாளியை வைத்துத் திறந்தேன். லொஃப்ட் தொட்டி பங்கு கேட்காதபடி அதற்குப் போகிற குழாயைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டுத்தான் பார்த்தேன், கொம்பிக்கும் நியாயம் செய்யவேண்டும் அல்லவா. மேலேயிருந்த ஷவர்கள் தொட்டியிலும் சிலிண்டரிலும் இருந்த தண்ணீரில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இங்கே வீதித் தண்ணீர் ஒரு பென்சில் தடிப்பில் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இன்னொரு குழாயைத் திறந்திருக்க வேண்டும், அதுவும் மெலிந்து நூலானது.

குகன் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாளியைப் பார்த்தார். "நேற்று நல்லா வந்ததே."

"நேற்று அந்த நேரம் நீங்கள் ஒருத்தரும் குளிக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டார். கொம்பி பூட்டினால் இந்த நூலைத்தான் இரண்டு ஷவருக்கும் பிரிச்சுக் குடுக்கவேணும். இவ்வளவு கொஞ்சம் வந்தால் பொய்லரில நெருப்புப் பத்தவே பத்தாது. பச்சைத்தண்ணிதான் வரும்."

அப்போது வாசல் கதவு திறந்தது. ரஞ்சினி. மேலங்கிக்குள் சீருடை. சப்பாத்தைக் கழற்றியவர் உள்ளே வராமல் சுவரோரமாக நின்றார்.

"தள்ளி நில்லுங்கோ எல்லாரும். விடியப்புறம் ஒரு மனிசி செத்துப்போச்சுது. நான்தான் துடைச்சு உடுப்பு மாத்தினனான்."

"ஆர், எந்நேரமும் ரேடியோ கேக்கிற அந்தக் கிழவியோ?" என்றார் குகன்.

"ஓம். பாவம். என்ரை கையைப் பிடிச்சபடி." பிறகு என்னைப் பார்த்தார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை. தோய்ஞ்சு குளிக்காமல் நான் ஒண்டும் தொடமாட்டன். தேத்தண்ணி பிறகு போட்டுத் தாறன்."

மேலே போனார். மகள் ஆரணி ஒரு குளியலறையிலிருந்து வெளியே வர, இவர் உள்ளே போனார். மற்றதில் மகன். நான் வாளிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே தண்ணீர் நெடுநேரம் விழுந்தது. ஒருமுறையும் தடைப்படவில்லை.

ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தவர் யாரோடும் பேசாமல் அடுப்புக்கு மேலுள்ள கதவைத் திறந்து விளக்கைக் கொளுத்தினார். அவர் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டவரின் முகம்.

நான் வாளியையும் குழாயையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. "கொம்பி பூட்டினால் சிலிண்டர் அலுமாரி உங்களுக்குக் கிடைக்கும். சாமி அறை வடிவா வரும். ஆனால் நீங்கள் வாற நேரம் இந்தத் தண்ணிதான். பிள்ளையள் போய், இவர் போய், பக்கத்து வீட்டுக்காரர் போய் முடியுமட்டும் நீங்கள் குளிக்க ஏலாது. குளிக்காமல் சாமி அறைக்குள்ள போகவும் மாட்டியள்."

அவர் நூலாக விழுந்த தண்ணீரைப் பார்த்தார். கையை நீட்டித் தொட்டும் பார்த்தார்.

குகன் நல்ல மனிதர். ஆனால் இப்படியொரு முடிவைத் தனியாக எடுத்துப் பழகாதவர். போனை எடுத்துச் சீனி டின்னில் சாய்த்தார். பொய்லர் விஷயம் என்றதும் மூன்று பேரும் முதல் மணியிலேயே வந்துவிட்டார்கள். ஹொலண்ட் மச்சான் ரயிலில் நின்றபடி, சுவிஸ் அக்கா வேலையிடத்து வாசலில், பெரியண்ணை தன் வீட்டுச் சமையலறையில்.

குகன் வாளியைத் திரைக்குக் காட்டினார். ஒரு வீட்டின் காலைத் தண்ணீர் மூன்று திசைகளுக்கு ஒளிபரப்பானது.

"ஒரு பம்ப் பூட்டி இழுக்க ஏலாதோ?" என்றார் சுவிஸ் அக்கா.

"வீதிக் குழாயில நினைச்சபடி பம்ப் வச்சு இழுக்க விடமாட்டினம் அக்கா. தனிக் குழாய் எடுக்கலாம். அதுக்கு முன்வளவும் நடைபாதையும் தோண்டவேணும். இப்ப குளிருக்குள்ள நடக்கிற காரியமில்லை."

"அப்ப சிம்பிள்," என்றார் ஹொலண்ட் மச்சான். "குளிக்கிறதுக்கு ஒரு அட்டவணை போடுங்கோ. பிள்ளையள் முதல், பிறகு குகன். தங்கச்சி வேலையால வந்து கொஞ்சம் படுத்தெழும்பிப் பிறகு குளிக்கலாம்தானே. அவவுக்கு அவசரம் ஒண்டும் இல்லையே."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அந்த அட்டவணையில் எல்லோருக்கும் இடம் இருந்தது. இடம் மாறியவர் ஒருவர்தான்.

"படுத்தெழும்பியோ அண்ணை?" என்று ஹொலண்ட் மச்சானைக் கேட்டார் ரஞ்சினி. குரல் உயரவில்லை. "செத்த மனிசியைத் துடைச்ச கையோட என்ரை கட்டிலில படுக்கச் சொல்லுறியளோ?"

ஹொலண்ட் மச்சான் ரயிலின் கம்பியை மாற்றிப் பிடித்தார்.

"அங்கிள்," என்றாள் மேசையோரம் நின்று ரொட்டி கடித்துக்கொண்டிருந்த ஆரணி, போனைப் பார்த்து. "இட்ஸ் லைக், எல்லாரையும் கேட்டிட்டு அம்மாவை மட்டும் கேக்கேல்லை."

"அம்மாவுக்குத்தானே சாமி அறை," என்றார் பெரியண்ணை. "எங்கட வீட்டிலயும் கொம்பிதான். ஒரு பிரச்சினையும் இல்லை."

"பெரியண்ணை, உங்கட வீட்டில கடைசியா ஆர் குளிக்கிறது?" என்று கேட்டார் ரஞ்சினி.

பெரியண்ணை வாயைத் திறந்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று நினைக்கிறேன். விடை அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. திரையில் ஆளைக் காணவில்லை, பாத்திரம் கழுவும் சத்தத்தோடு அவருடைய மனைவியின் குரல் மட்டும்.

"நான்தான்."

பெரியண்ணை திரும்பிப் பார்த்தார். அவருடைய தலையின் பின்பக்கம் எங்களுக்குத் தெரிந்தது.

"மூண்டு பேரும் திறந்தால் எனக்கு வாறது பச்சைத்தண்ணிதான்," என்றது குரல். "இவையள் எல்லாரும் போய், வீட்டுவேலையும் முடிஞ்ச பிறகுதான் நான் குளிக்கிறது."

"அப்ப காலமை சாமிக்கு விளக்கு அக்கா?" என்று கேட்டார் ரஞ்சினி.

"அது கறண்ட் விளக்கு. இவர் வேலைக்குப் போகேக்கை சுவிட்சைப் போட்டிட்டுப் போறவர்."

மூன்று முகங்களும் அசையாமல் நின்றன. இணையம் நின்றுவிட்டதோ என்று குகன் போனைத் தட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. சுவிஸ் அக்காதான் முதலில் பேசினார்.

"தம்பி, நான் இரவு அத்தானைக் கேட்டனான், எங்கட நிலக்கீழ் அறையில நிக்கிறது என்னெண்டு. அது ஒரு பெரிய சிலிண்டராம். அதைச் சொல்லவேணும் எண்டு நினைச்சனான்."

வாக்கெடுப்பு மறுபடி நடக்கவில்லை. ரஞ்சினி போனை எடுத்து, சுவிஸ் அக்காவிடம் "நான் பிறகு எடுக்கிறன் மச்சாள்," என்று சொல்லி நிறுத்திவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சிலிண்டர் நிக்கட்டும் அண்ணை. பழையபடியே பூட்டுங்கோ."

"அப்ப சாமி அறை?" என்றார் குகன். அவருடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. மனைவிக்கு வாக்குக் கொடுத்த ஒரேயொரு காரியம் கைநழுவிப் போகிறது.

ரஞ்சினி முன்னறைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். அங்கே சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. உள்ளே குகனின் விஸ்கிப் போத்தில்கள். எல்லா விமான நிலையங்களிலும் வாங்கியவை, பாதி இன்னும் பெட்டி பிரிக்காதவை. ஒவ்வொரு தட்டின் மேலும் சின்னச் சின்ன விளக்குகள்.

"இது எவ்வளவு அகலம் வரும் அண்ணை? உங்கட வேலை இல்லை, எண்டாலும் ஒருக்கா அளந்து சொல்லுங்கோ."

அளந்தேன். சிலிண்டர் அலுமாரியைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"கதவு இருக்கு. லைட் இருக்கு. கிழக்கையும் பாக்குது," என்றார் அவர்.

"ரஞ்சி, அது ஆக்கள் வந்தால்..." என்று தொடங்கினார் குகன்.

"வந்தால் கும்பிட்டிட்டுப் போகட்டும்."

குகன் என்னைத் தனியாகச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய்ச் சன்னமாகக் கேட்டார். "அண்ணை, இந்தப் போத்தில்களைச் சிலிண்டர் அலுமாரிக்குள்ள வைக்கலாமோ?"

"வைக்கலாம் தம்பி. எல்லாம் இளஞ்சூடா இருக்கும்."

பழைய முறையிலேயே புதுப் பொய்லரும் தடித்த உறை போட்ட புதுச் சிலிண்டரும் பூட்டினேன். கொம்பியைவிட வேலை அதிகம், என் முதுகு அதைச் சில நாட்கள் நினைவில் வைத்திருந்தது. சிலிண்டரில் ஒழுக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அடுத்த வாரம் ஒரு காலை போனேன். இரண்டு ஷவரும் ஓடின. பக்கத்து வீடும் ஓடியது. ரஞ்சினி வேலையால் வந்து, எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே போனார். அன்று யாரும் இறந்திருக்கவில்லை, சாதாரண ஷிப்ட். இறங்கி வந்து முன்னறையில் விளக்குக் கொளுத்தினார். கண்ணாடித் தட்டுகளில் அந்தச் சுடர் பல சுடர்களாகத் தெரிந்தது. வேலைக்குப் புறப்பட்ட குகன் வாசலில் ஒரு கணம் நின்று, பழைய பழக்கத்தில் அலுமாரியின் இரண்டாவது தட்டைப் பார்த்து, பிறகு அவசரமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொம்பி கெட்ட சாமான் என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லாதீர்கள். சின்ன பிளட்டில், ஒரு குளியலறையில், இரண்டு பேருக்கு அதைப்போல் வசதி வேறில்லை. ஹொலண்ட் மச்சான் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. இப்போது ஹீட் பம்ப் என்று அடுத்த விளம்பரப் படம் வந்துவிட்டது, அதற்கும் சிலிண்டர் வேண்டும் என்பதைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். எந்தப் படம் வந்தாலும் நீங்கள் வீட்டைப் பார்க்கப் போகிற நேரத்தை மட்டும் வாடிக்கையாளரின் ஓய்வு நேரத்துக்கு ஒத்துவைக்காதீர்கள். தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் போங்கள். வரவேற்பு குறைவாக இருக்கும்.

அந்த வேலை முடிந்து கொஞ்ச நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெண் குரல். எங்கோ கேட்ட குரல், பாத்திரச் சத்தம் இல்லாததால் உடனே பிடிபடவில்லை.

"அண்ணை, நான் சட்டனில இருந்து கதைக்கிறன். குகனின்ரை அண்ணி. கொம்பியைக் கழட்டிப்போட்டுத் திரும்பச் சிலிண்டர் வைக்க ஏலுமோ?"

"ஏலும். எங்கை வைக்கிறது எண்டதுதான். அந்த இடத்தில இப்ப சாமியெல்லோ இருக்கிறார்."

"அவருக்கு இடம் நான் பாக்கிறன். இவருக்குத்தான் இன்னும் சொல்லேல்லை."

நேரில் காணாமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். நாளைக்கு அவர் குளிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து, அந்த நேரம் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன் என்றேன்.

மறுமுனையில் அவர் நேரத்தைக் கணக்குப் போட்டார்.

"அப்ப மத்தியானச் சாப்பாட்டையும் இஞ்சையே வச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றார். "நான் குளிக்க அந்த நேரமாயிடும்."